பூசணித்துரையின் இடுப்பில் ஒரு மஞ்சள் கறை

அக்டோபர் கடைசியில் பேய் வேஷம் கட்டிக் கொண்டாடும் ஹாலோவீன் எங்கள் வீட்டுப் பண்டிகை இல்லை. நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் நான். ஆனாலும் என் துணி பீரோவின் மேல்தட்டில் நல்ல சேலைகள் இருக்க வேண்டிய இடத்தில் காகிதச் சூனியக்காரிகளும் கறுப்புப் பூனைகளும் எலும்புக்கூடுகளும் இருக்கின்றன. எல்லாம் அறுபது, எழுபது வருஷத்துப் பழையவை. ஒவ்வொன்றையும் மெல்லிய தாளில் சுற்றி, பூஞ்சணம் பிடிக்காமல் மருந்துப் பொட்டலம் போட்டு வைத்திருக்கிறேன். யாங்கோன் மழையில் காகிதத்தைக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை.

லான்மடா பேட்டையில் என் கணவரும் நானும் ஒரு காகிதக் கடை நடத்துகிறோம். நோட்டுப் புத்தகம், பேனா, ரிப்பன், கலர் ஜெராக்ஸ். கடையை எடுத்த புதிதில் பரணைச் சுத்தம் செய்தபோது, முன்னால் இருந்தவர் விற்காமல் விட்டுப்போன சரக்கில் ஒரு பழைய உறை கிடைத்தது. உள்ளே ஒரு கறுப்புப் பூனை, சிரிக்கும் நிலா, துடைப்பத்தின் மேல் ஒரு கிழவி. பூனையின் வயிறு தேன்கூடு மாதிரி மடித்த காகிதம். இழுத்தால் விரிந்து பந்தாக நிற்கும். உறையின் மேல் நான்கு படங்கள் அச்சடித்திருந்தன. நான்காவது ஒரு ஆந்தை. ஆந்தை மட்டும் உள்ளே இல்லை.

அதில் தொடங்கியதுதான். பழைய புத்தகக் கடைகளில் தேடினேன். வெளிநாட்டுக்காரர்கள் எப்போதோ விட்டுப்போன பெட்டிகளில் இருந்து ஒன்றிரண்டு வந்தன. போனில் பார்த்தால் உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு குழுவாகவே இருந்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். என் கணவர் சிரிப்பார். "பேயப் புடிச்சு பீரோவுல வக்கிறா" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார்.

அக்கா எங்கள் கடைக்கு வந்தது ஆரஞ்சு நிற டிஷ்யூ காகிதம் கேட்டு. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. அடுத்த பேட்டையான அலோனில், ஆற்றோரக் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள தெருவில் தரைத்தளத்தில் இருந்தாள். கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். கிடங்கில் வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. அறுபது வயது. விரல் நகம் எல்லாம் மஞ்சள்.

"இந்தக் கலரு இல்லம்மா. கொஞ்சம் மங்கினாப்புல வேணும். பழைய பூசணிக்கு ஒட்டுப் போடணும்" என்றாள்.

"எந்தப் பூசணிக்கு?" என்றேன்.

அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். தேன்கூட்டுத் தாளில் செய்த பூசணிக்காய், ஒரு பக்கம் கிழிந்திருந்தது. என் பூனையின் வயிற்றில் இருந்த அதே வேலைப்பாடு. நான் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு அன்றைக்கே அவளோடு அலோனுக்குப் போனேன்.

அவளிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தது. அவளுடைய அப்பா ஒரு அமெரிக்கர் வீட்டில் சமையல்காரர். அந்தக் குடும்பம் நாட்டை விட்டுக் கிளம்பியபோது, துரைசானி கேக் டின்களோடு இந்தப் பெட்டியையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவர் வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில் அவற்றை எடுத்துக் கட்டி, பிள்ளைகளுக்குப் பயங்காட்டுவாராம். அக்காவுக்குப் பதினான்கு வயதில் அவர் போய்விட்டார். அதற்குப் பிறகும் அவள் நிறுத்தவில்லை. அக்டோபர் கடைசியில் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு மிட்டாய் கொடுப்பாள். இரண்டு நாள் கழித்து, கல்லறைத் திருநாளில், அப்பா கல்லறைக்கு மெழுகுவத்தி கொண்டுபோவாள்.

பெட்டியில் எல்லாவற்றையும் விட அழகானது ஒரு மனிதன். பூசணித் தலை, கறுப்புக் கோட்டு, ஆரஞ்சுக் கால்சட்டை, ஒரு முழ உயரம். தோளிலும் இடுப்பிலும் முட்டியிலும் சின்ன உலோக வளையம் வைத்து மூட்டியிருந்தது. கையை ஆட்டலாம், காலைத் தூக்கலாம். சின்ன வயதில் அவர்கள் அதற்கு வைத்த பெயர் பூசணித்துரை. அதன் இடுப்பில், கோட்டு முடியும் இடத்தில், ஒரு மஞ்சள் கறை இருந்தது.

"அப்பா கைம்மா. சமையக்கட்டுலேந்து அப்படியே வந்து இத ஆட்டுவாரு. அம்மா கத்துவா. கட்டவெரலு பதிஞ்சுபோச்சு, பாரு" என்றாள் அக்கா.

அவளோ அதைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கைகழுவி, துடைத்து, பவுடர் போட்டுக்கொள்வாள். எனக்கும் அதே சட்டம்.

நான்கு அக்டோபர் நாங்கள் சேர்ந்து கட்டினோம். அவள் ஏணியில் ஏறமாட்டாள். நான் ஏறி ஆணியில் மாட்ட, அவள் கீழே நின்று "எடது பக்கம் தூக்கு, கோணலா இருக்கு" என்பாள். என்னிடம் இருந்த பூனையையும் நிலாவையும் கொண்டுபோவேன். எனக்குச் சிநேகிதிகள் அதிகம் இல்லை. கடை, வீடு, கடை. அவள் வீட்டில் தரையில் உட்கார்ந்து பழைய காகிதத்துக்கு ஒட்டுப் போட்ட அந்த மத்தியானங்களை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

பினாங்கில் இருக்கும் அவள் மகளுக்குப் பிரசவ நேரம் வந்தது. ஆறு மாதம் போய் இருக்க வேண்டும் என்றாள். மழைக்காலத்தில் அலோனில் ஆற்றுத் தண்ணீர் ஏறினால் தரைத்தள வீடுகளுக்குள் வந்துவிடும். அவள் தகரப் பெட்டியோடு கடைக்கு வந்தாள்.

"ஒங்கிட்ட இருந்தா எங்கிட்ட இருந்த மாதிரி" என்றாள். பூட்டுப் போடவில்லை.

முதல் மாதம் நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. இரண்டாவது மாதம், ஈரம் ஏறியிருக்குமோ என்று திறந்தேன். அது உண்மைதான், காரணமே இல்லாமல் திறக்கவில்லை. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி விசிறிக் காற்றில் வைத்தேன். பரப்பிப் பார்த்தபோது அழகாக இருந்தது. போட்டோ எடுத்தேன். என்னுடையதும் அவளுடையதும் கலந்து ஒரே படத்தில் இருந்தன. குழுவில் போட்டேன். "இவ்வளவும் உங்களுடையதா! பர்மாவிலா!" என்று எழுதினார்கள். நான் ஒரு நன்றி எழுதினேன். பாதி என் தோழியுடையது என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எழுதவில்லை.

மறுநாள் அமெரிக்காவில் ஒரு சிற்றூரிலிருந்து ஒரு பெரியவர் தனியாக எழுதினார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், நாற்பது வருஷமாகச் சேர்க்கிறாராம். என் பூனையும் நிலாவும் கிழவியும் எந்த உறையில் வந்தவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆந்தை தன்னிடம் இரண்டு இருப்பதாகச் சொன்னார். படமும் அனுப்பினார். பூசணித்துரையைக் கொடுத்தால் ஆந்தையைத் தருகிறேன் என்றார்.

முடியாது என்றுதான் முதலில் எழுதினேன். அவர் வற்புறுத்தவே இல்லை. "புரிகிறது, மனம் மாறினால் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதினார். அந்த ஆந்தையின் படத்தை நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதினோரு வருஷமாக அந்த உறையின் மேல் படமாக மட்டும் இருந்த ஆந்தை.

ஒரு நாள் காலை, கரண்ட் இருந்த நேரத்தில், பூசணித்துரையை ஜெராக்ஸ் கண்ணாடியில் வைத்தேன். பத்திரத்துக்கு ஒரு நகல் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். உடம்பை ஒரு முறை, கால்களை மடக்கி ஒரு முறை. அச்சு அப்படியே வந்தது. கெட்டி அட்டையில் ஒட்டி வெட்டினேன். தேயிலைத் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு ஓரங்களைப் பழுப்பாக்கினேன். பழைய கோப்புகளில் இருந்து கழற்றிய வளையங்களை வைத்து மூட்டினேன். பத்திரத்துக்கு நகல் எடுக்கிறவள் எதற்கு ஓரத்தைப் பழுப்பாக்க வேண்டும்? அந்தக் கேள்வியை அன்றைக்கு நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. நன்றாக வந்திருக்கிறதே என்ற சந்தோஷம்தான் இருந்தது. இடுப்பில் இருந்த மஞ்சள் கறைகூட அப்படியே விழுந்திருந்தது.

அந்த வாரம் சிங்கப்பூர் போன என் கணவரின் தங்கை மகளிடம் அசலைக் கொடுத்து அங்கிருந்து அனுப்பச் சொன்னேன். கணவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அந்த அக்காட்ட கேட்டியா?" என்றார்.

"கேட்டுக்கலாம்."

"கேட்டுக்கலாமா, கேட்டியா?"

நான் நோட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்கலாம் என்று பின்னால் அவர் மேலேயே கோபப்பட்டிருக்கிறேன். அதுவும் ஒரு அநியாயம்தான்.

பார்சல் போன நான்காம் நாள் அக்கா பினாங்கிலிருந்து கூப்பிட்டாள். பேத்தி பிறந்திருக்கிறாள். மருத்துவமனை நடையில் நின்றுகொண்டு அழுதாள், சிரித்தாள். "மொதல்ல ஒனக்குத்தான் சொல்றேன்" என்றாள். நானும் அழுதேன். எதற்காக அழுதேன் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஆந்தை வந்தது. உறையில் வைத்தேன். நான்கும் சேர்ந்தன. இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பீரோவில் வைத்துவிட்டேன்.

அக்கா திரும்பி வந்தது அக்டோபர் நடுவில். எனக்கு மலேசியாவிலிருந்து ஒரு கைப்பை வாங்கி வந்திருந்தாள். பெட்டியை நானே தூக்கிக்கொண்டு அலோனுக்குப் போனேன். அவளுக்குக் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. "எல்லாம் மஞ்சமஞ்சேன்னு தெரியுதும்மா, பொங்கலுக்குள்ள ஆப்ரேசன் பண்ணணும்" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒருத்தியின் கண் மங்கியதற்கு நான் நிம்மதிப்பட்டேன். இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன்.

அந்த வருஷமும் கட்டினோம். வேலை முடிந்ததும் அவள் மகளுக்கு வீடியோவில் கூப்பிட்டாள். குழந்தை திரையில் கைகாலை உதைத்துக்கொண்டிருந்தது. அக்கா ஆணியிலிருந்து பூசணித்துரையைக் கழற்றச் சொன்னாள். வாங்கி மடியில் வைத்து, போனுக்கு முன்னால் கையை ஆட்டிக் காட்டினாள்.

"ஏ குட்டி, இங்க பாரு. துரை வந்திருக்காரு, பாரு." பிறகு தன் கட்டைவிரலை அந்தக் கறையின் மேல் வைத்தாள். "இது யாரு தெரியுமா? ஒன் கொள்ளுத்தாத்தா. இங்கதான் இருக்காரு. நான் வெரல வச்சா அவரு வெரலு. சரியா இருக்குல்ல?"

மகள் அந்தப் பக்கம் சிரித்தாள். அக்காவின் கட்டைவிரல் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. அது என் கடை இயந்திரத்தின் மை. நான் தண்ணீர் குடிக்கிறேன் என்று சொல்லி சமையல்கட்டுக்குப் போய் நின்றேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் அமெரிக்கப் பெரியவருக்கு எழுதினேன். அது என்னுடையது இல்லை, என் தோழியுடையது, அவள் அப்பாவின் ஞாபகம், நான் கேட்காமல் கொடுத்துவிட்டேன், ஆந்தையைத் திருப்பி அனுப்புகிறேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். அவர் உடனே பதில் போட்டார். "முன்பே தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன். கட்டாயம் அனுப்புகிறேன்." ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஆந்தையை அனுப்பிவைத்தேன். சிங்கப்பூர் சுற்றி, கைமாறி, பூசணித்துரை வந்து சேர நாலு மாதம் ஆனது. என் திட்டம் சுலபமானது. அசல் வந்ததும் அக்கா வீட்டுக்குப் போய், பெட்டியை வெயிலில் காயவைக்கலாம் என்று சொல்லி, நகலை எடுத்துவிட்டு அசலை வைத்துவிடுவது. யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

பார்சலைப் பிரித்தேன். பூசணித்துரை முன்னைவிடப் பளிச்சென்று இருந்தான். கூடவே ஒரு கடிதம். "நான் இதை வாங்கிய உடனேயே இடுப்புப் பக்கம் இருந்த கறையைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டேன். காகிதத்துக்குச் சேதம் வராமல் எடுக்க மூன்று வாரம் ஆனது. உங்கள் தோழிக்கு இது மகிழ்ச்சி தரும் என்று நம்புகிறேன்."

கறை இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வெறும் கறுப்புக் கோட்டு.

கணவரிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "அட, இதுக்கா இப்படி ஒக்காந்திருக்க? வீட்ல மஞ்சத்தூள் இல்லையா? ஒரு சொட்டு எண்ணெயில கொழச்சு வையி, முடிஞ்சுது" என்றார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார்.

நான் குழைத்தேன். ஒரு சின்னக் கிண்ணத்தில் மஞ்சளும் எண்ணெயும். கட்டைவிரலைத் தோய்த்து எடுத்துப் பூசணித்துரையின் இடுப்புக்கு நேரே கொண்டுபோனேன். என் விரல் அது. அவள் அப்பா என்று நினைத்து அக்கா இனிமேல் தடவப்போவது என் விரலை. கையை எடுத்துக்கொண்டேன். கிண்ணத்தைக் கழுவினேன். நகத்தில் மஞ்சள் இரண்டு நாள் போகவில்லை.

அக்காவுக்குக் கண் ஆபரேஷன் அதற்குள் முடிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டுப் பொட்டலங்கள் எல்லாம் போன பிறகு, அலோனுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"வா, வா. சாப்டியா? மீன்கொழம்பு கொஞ்சம் இருக்கு."

"அக்கா, கைகழுவிட்டு உள்ள வாங்க. ஒண்ணு சொல்லணும்."

உட்கார்ந்ததும் அசலை மடியில் வைத்துச் சொல்லத் தொடங்கினேன். ஆந்தையிலிருந்து தொடங்கினேன். அது தப்பு, அவளுக்கு ஆந்தையைப் பற்றி என்ன? நான் சொல்லி முடித்ததும் அவள் எழுந்துபோய் பெட்டியைத் திறந்து நகலை எடுத்து வந்தாள். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். புதுக் கண்ணால் குனிந்து பார்த்தாள்.

"எப்ப அனுப்பின?"

"நீங்க போன ரெண்டாம் மாசம்."

"பாப்பா பொறந்தன்னிக்கி ஒனக்கு போன் பண்ணேனே. அப்ப அனுப்பியாச்சா?"

"அனுப்பியாச்சுக்கா."

"பாப்பாக்கு இதக் காட்டுனன்னிக்கி நீ பக்கத்துலதான இருந்த?"

"இருந்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். நகலின் கறையில் விரல் வைக்கப்போனாள், வைக்கவில்லை. அசலின் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். அங்கே வைக்க ஒன்றும் இல்லை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்க, எனக்குத் தெரியும், நான்தான்..." என்று உளறினேன்.

"குடுத்திருக்க மாட்டேன்" என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. "கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன். அது ஒனக்குத் தெரியும். தெரிஞ்சுதான நீ கேக்கல?"

அவள் சொன்னது உண்மை. நான் எனக்கே சொல்லிக்கொள்ளாத உண்மை.

"இப்ப எதுக்குச் சொன்ன? சத்தமில்லாம மாத்தி வச்சிருக்கலாமே."

"கறை போயிருச்சுக்கா. அதான்."

"போவாம இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்ட."

"சொல்லியிருக்க மாட்டேன்."

பிறகு அவள் இரண்டையும் எடுத்துப் பெட்டியில் வைத்தாள். பூட்டு ஒன்றைத் தேடினாள். என் முன்னால் பூட்டுவதற்காக இல்லை என்று நினைக்கிறேன், கை எதையாவது செய்ய வேண்டியிருந்தது. பூட்டு கிடைக்கவில்லை. "நீ போம்மா இப்ப. எனக்கு மாவு அரைக்கணும்" என்றாள்.

அதன்பிறகு அவள் கடைக்கு வரவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு வேண்டிய காகிதத்தையும் ரப்பர் பேண்டையும் வேறெங்கோ வாங்கிக்கொண்டாள். அடுத்த அக்டோபரில் எனக்கு அழைப்பு இல்லை. எந்தத் துரையைக் கட்டினாள், யார் ஏணியில் ஏறினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் என்னுடைய பூனையையும் நிலாவையும் அந்த வருஷம் எடுக்கவே இல்லை. குழுவிலிருந்தும் விலகிவிட்டேன். அது தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் யாரும் எனக்கு அந்தத் தண்டனையைக் கொடுக்கவில்லை; அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

போன மாதம் மத்தியான வேளையில் பஸ்ஸில் ஏறினேன். கூட்டம். நடுவில் ஒரு இருக்கையில் அக்கா காய்கறிப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இறங்கிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். பையை இன்னொரு தொடைக்கு மாற்றி, ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டாள். உட்கார்ந்தேன்.

"பாப்பா நடக்குதா?" என்று கேட்டேன்.

"ஓடுது. டிசம்பர்ல கூட்டிட்டு வர்றா."

இரண்டு நிறுத்தம் தாண்டியது. கத்தரிக்காய் விலையைப் பற்றி அவள் ஏதோ சொன்னாள். நானும் ஏதோ சொன்னேன். அவள் இறங்க வேண்டிய இடம் வந்தது. எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"கோவம் இன்னும் போவலம்மா. இருக்குது. போனா சொல்றேன்."

"சரிக்கா" என்றேன்.

இன்னும் சொல்லவில்லை.